தானாகப் பழகிக்கொள்ளும் என்னும் பொய்

"விட்டுவிடுங்கள், இரண்டு நாளில் தானாகப் பழகிக்கொள்ளும்."

ஏற்கெனவே ஒரு பூனை வாழும் வீட்டுக்குள் புதிதாக ஒரு குட்டி நுழையும் நாளில் தவறாமல் சொல்லப்படும் வாக்கியம் இது. மாமியார் சொல்கிறார், மாடிவீட்டுக்காரர் சொல்கிறார், பால் கொண்டுவருபவர் சொல்கிறார், பூனையைக் கண்டாலே பத்தடி விலகி நிற்கும் அலுவலக நண்பரும் சொல்கிறார். இத்தனை பேர் ஒருமித்துச் சொல்லும் ஒன்று உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று நமக்கும் தோன்றிவிடுகிறது. என் பார்வையில் இது நாம் செய்தாக வேண்டிய ஒரு வேலையைச் செய்யாமல் தப்பிப்பதற்காகக் கண்டுபிடித்துக்கொண்ட கௌரவமான சாக்கு. சாக்கு நம்முடையது. அதற்கான விலையைக் கொடுப்பது, எட்டு ஆண்டோ பத்து ஆண்டோ அந்த வீட்டில் வாழ்ந்துவிட்ட மூத்த பூனை.

இலக்கியம் பேசும் நண்பர்களிடையே பூனைக்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். கம்பரே தம் அவையடக்கத்தில், பாற்கடலை முழுவதும் நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்டுப் புகுந்த பூனையோடு தம்மை ஒப்பிட்டுக்கொண்டவர். அந்த அவையில் இடம் பெற்ற பூனைக்கு இங்கே ஒரு மூலை கேட்பதில் எனக்குக் கூச்சமில்லை. அதற்கும் மேலாக, இந்தத் தவறு நம் மொழியிலிருந்தே தொடங்குகிறது என்பது என் எண்ணம். ஆகவே மொழியிலிருந்தே நானும் தொடங்குகிறேன்.

தொல்காப்பிய மரபியலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் கொஞ்சம் உற்சாகம் கொள்ளும் பகுதி, விலங்குகளின் இளமைப் பெயர்கள். மூங்கா, வெருகு, எலி, அணில் ஆகிய நான்கின் இளமைக்கும் 'குட்டி' என்ற பெயர் உரியது என்கிறார் ஆசிரியர். வெருகு என்பது காட்டுப்பூனை. ஆக, பூனைக்குட்டி என்னும் சொல்லுக்கு நம்மிடம் இலக்கணச் சான்றிதழே இருக்கிறது. வயது முதிர்ந்த பூனைக்கு என்ன இருக்கிறது? பேச்சுவழக்கில் நாம் அறிந்தது 'கிழட்டுப் பூனை'. அதுவும் பெரும்பாலும் மனிதரை ஏசுவதற்கே பயன்படுகிறது. குட்டி என்ற சொல்லில் கொஞ்சலும், கிழட்டுப் பூனை என்ற சொல்லில் எரிச்சலும் முன்பே ஏற்றப்பட்டுவிட்டன. இரண்டும் ஒரே கூடத்தில் எதிரெதிரே நிற்கும்போது யார் பக்கம் நியாயம் என்பது, நாம் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது.

நடப்பது என்ன என்று பார்ப்போம். மழையில் நனைந்து, காருக்கு அடியில் கத்திக்கொண்டிருந்த ஒரு குட்டியைப் பிள்ளைகள் தூக்கி வருகிறார்கள். நல்ல காரியம். குறை சொல்ல எதுவுமில்லை. குட்டியைத் துடைத்து, கூடத்தின் நடுவே இறக்கிவிடுகிறார்கள். சோபாவில் உறங்கிக்கொண்டிருந்த மூத்த பூனை விழித்துப் பார்க்கிறது. உடல் தாழ்கிறது, காதுகள் பக்கவாட்டில் படிகின்றன, கண்மணி விரிகிறது, சீறுகிறது. உடனே வீடு முழுக்க ஒரே குரல்: "பார், பார், பொறாமை!" குட்டி ஒன்றும் அறியாமல் வாலைத் தூக்கிக்கொண்டு அதை நோக்கி ஓடுகிறது. மூத்தது ஓர் அறை விடுகிறது. அதற்கு ஒரு திட்டு, சில வீடுகளில் ஓர் அடியும். அன்றிரவு அது பீரோவின் மேலோ கட்டிலுக்கு அடியிலோ போய் ஒடுங்கிவிடுகிறது. மறுநாள் சாப்பிட வரவில்லை. "திமிர். பசித்தால் தானே வரும்."

பொறாமை, திமிர், வஞ்சம், நன்றிகெட்ட தனம். ஒரு சீறலுக்கு நாம் சூட்டிவிட்ட பெயர்கள் இவை. சங்கப் புலவர் ஒருவர் முல்லை அரும்பைப் பார்த்து வெருகின் சிரிப்பை நினைத்தார். பல்லைக் காட்டுவது அவர் கவிதையில் சிரிப்பாயிற்று. கவிதைக்கு அந்த உரிமை உண்டு. வீட்டில் ஓர் உயிரைப் பொறுப்பேற்று வளர்க்கும் நமக்கு அந்த உரிமை கிடையாது. பூனை பல்லைக் காட்டிச் சீறினால் அதன் பொருள் ஒன்றே: "அங்கேயே நில், அருகில் வராதே." அடிதடியைத் தவிர்ப்பதற்கான எச்சரிக்கை அது. அதற்காகத் தண்டிப்பது, 'தீ' என்று கத்தியவனைச் சத்தம் போட்டான் என்று அடிப்பதற்கு ஒப்பானது. அடிபட்ட பூனை கற்றுக்கொள்ளும் பாடமும் வேறு. புதிய வாடை வந்தால் வலியும் வரும் என்பதே அது.

பூனைக்கு வீடு என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இன்று நம் மடியில் உறங்கும் பூனையின் மூதாதை, மேற்காசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் தனித்து வேட்டையாடித் திரிந்த காட்டுப்பூனை. இதை 2007இல் வெளிவந்த மரபணு ஆய்வு உறுதிசெய்தது. சைப்ரஸ் தீவில் மனிதனோடு சேர்த்துப் புதைக்கப்பட்ட பூனையொன்றின் எலும்புக்கூட்டைத் தொல்லியலாளர்கள் கண்டெடுத்து 2004இல் அறிவித்தார்கள். அந்தப் புதைகுழியின் வயது ஏறத்தாழ 9,500 ஆண்டுகள். அத்தனை காலம் நம்மோடு வாழ்ந்தும் பூனை நாயைப் போலக் கூட்டத்தின் விலங்காக மாறிவிடவில்லை. எலியையும் பல்லியையும் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்னும் உயிருக்குக் கூட்டாளி தேவைப்படவில்லை. தேவைப்பட்டது, தனக்கென்று ஓர் எல்லை.

அந்த எல்லையை அது வாடையால் வரைகிறது. கன்னத்தைக் கதவு நிலையில் தேய்ப்பது, நாற்காலிக் காலில் விலாவை உரசுவது, பாயைப் பிறாண்டுவது, நம் காலைச் சுற்றிவருவது எல்லாம் அந்த வரைபடத்தின் கோடுகள். கன்னத்திலும் நெற்றியிலும் பாதங்களிலும் உள்ள சுரப்பிகளிலிருந்து வரும் அந்த வாடை நம் மூக்குக்கு எட்டாது. பூனைக்கோ மூக்கு போதாதென்று மேலண்ணத்தில் வாடையை அறியத் தனி உறுப்பே இருக்கிறது. 'இங்கே ஆபத்தில்லை' என்று அது நாள்தோறும் எழுதிப் புதுப்பித்துக்கொண்டிருந்த சுவரில், ஒரே நொடியில் வேறொருவன் கையெழுத்தைக் கொண்டுவந்து கிறுக்குகிறோம். பிறகு, ஏன் மிரள்கிறாய் என்று கேட்கிறோம்.

இந்த மிரட்சி ஒரு நாள் மனவருத்தத்தோடு முடிந்துவிடுமென்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் டோனி பஃபிங்டன் பல ஆண்டுகள் ஆராய்ந்தது பூனைகளின் சிறுநீர்ப்பை அழற்சியை. பல பூனைகளுக்குக் கிருமி எதுவும் இல்லாமலேயே சிறுநீர்ப்பை புண்ணாகிறது. அதைத் தூண்டுவதில் சூழலில் ஏற்படும் அச்சத்துக்கும் நெருக்கடிக்கும் பெரும்பங்கு உண்டு என்று அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் காட்டினார்கள். நோய் சிறுநீர்ப்பையோடு நிற்பதில்லை, உடலின் பல பகுதிகளையும் தொடுகிறது என்பதால் 2011இல் அதற்குப் பண்டோராவின் பெயரையே வைத்தார். ஆண் பூனையாக இருந்தால் சிறுநீர்ப்பாதை குறுகலானது. அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும். கொழுத்த பூனை சில நாள்கள் தொடர்ந்து உணவை மறுத்தால், உடலின் கொழுப்பெல்லாம் கல்லீரலில் வந்து படிந்து உயிருக்கு உலைவைக்கும் நோய் உண்டாகும். 'பசித்தால் தானே வரும்' என்று நாம் காத்திருக்கும் அதே நாள்களில் இவ்வளவும் நடந்துவிடலாம்.

உயிருக்கு ஆபத்து வராத வீடுகளில் நடப்பது இன்னும் கொடுமை. அஞ்சிய பூனை மணல் தட்டுக்குப் போகத் துணியாமல் மெத்தையில் சிறுநீர் கழிக்கிறது. வாசலில் குட்டி உட்கார்ந்திருப்பதே அதைத் தடுக்கப் போதும். வலியால் கண்ட இடத்தில் கழிக்கும் பூனையும் உண்டு. இரண்டையும் 'பழிவாங்குகிறது' என்று புரிந்துகொள்ளும் குடும்பம் சில வாரம் பொறுத்துப் பார்க்கிறது. பிறகு ஒரு சாக்குப் பை, ஒரு ஸ்கூட்டர், ஊருக்கு வெளியே ஒரு மீன் சந்தை. என் உறவினர், நண்பர் வட்டத்திலேயே இதைச் சர்வசாதாரணமாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். "அங்கே மீன் நிறையக் கிடைக்கும், பிழைத்துக்கொள்ளும்" என்று ஒரு சமாதானமும் கூடவே வரும். பத்து ஆண்டு தட்டில் வைத்த சோற்றைத் தின்ற பூனை, ஏற்கெனவே பிற பூனைகளின் எல்லையாகிவிட்ட சந்தையில் எப்படிப் பிழைக்கும்? பசியாலும் தாகத்தாலும் துன்புறும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். சட்டத்தை விடுங்கள். ஒரு குட்டியைத் தெருவிலிருந்து காப்பாற்றிய கையே இன்னொரு பூனையைத் தெருவில் விடுகிறது. கணக்கில் மிச்சம் என்ன? தெருவில் ஒரு பூனை குறைந்து ஒரு பூனை கூடியது. குட்டி தெருவைச் சமாளிக்க இன்னும் கற்கவில்லை. கிழவிக்கோ இனிக் கற்க வயதில்லை.

இனி, 'தானாகப் பழகும்' கட்சியாரின் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வாதம்: "எங்கள் ஊர் வீட்டில் ஏழெட்டுப் பூனை ஒன்றாகத்தான் வளர்ந்தன." வளர்ந்திருக்கும், மறுக்கவில்லை. உணவு தாராளமாகக் கிடைக்கும் இடங்களில் பூனைகள் கூடி வாழ்வதுண்டு. அந்தக் கூட்டத்தை உற்றுப் பார்த்தால் அதன் நடுவில் இருப்பவை தாய், மகள், அக்கா, தங்கை. ஒன்றின் குட்டிக்கு இன்னொன்று பால் கொடுப்பதும் அங்கே நடக்கும். வழிதவறி வரும் அந்நியப் பூனையை அதே கூட்டம் விரட்டியடிக்கும். மேலும் ஊர் வீட்டில் திண்ணை இருந்தது, கொல்லை இருந்தது, வைக்கோற்போர் இருந்தது, ஓட்டுக்கூரை இருந்தது. பிடிக்காத பூனைக்கு விலகிப் போக நான்கு திசை இருந்தது. மூன்றாம் மாடியில், கதவு சாத்திய இரண்டு படுக்கையறை வீட்டில், விலகிப் போக எந்தத் திசை இருக்கிறது? பழைய வீட்டின் அனுபவத்தை எடுத்துக்கொண்டு, அந்த வீட்டின் கொல்லையை விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

இரண்டாம் வாதம்: "சண்டை போட்டு யார் பெரியவர் என்று முடிவு செய்துகொள்ளும். பிறகு அமைதியாகிவிடும்." இது நாய்களைப் பற்றி நாம் அரைகுறையாகக் கேட்டதைப் பூனையின் தலையில் கட்டுவது. சண்டைக்குப் பின் சமாதானம் செய்துகொள்ளும் வழக்கம் பூனைகளிடம் மிகக் குறைவு. சண்டை அவற்றுக்கு நினைவாகவே தங்கும். கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில், காப்பகத்திலிருந்து இரண்டாம் பூனையை அழைத்துவந்த குடும்பங்களை விசாரித்தார்கள். ஏறக்குறைய பாதி வீடுகளில் தொடக்கத்தில் பிறாண்டலும் கடியுமாகச் சண்டை நடந்திருந்தது. முதல் சந்திப்பிலேயே பிறாண்டிக் கடித்துக்கொண்ட பூனைகளின் வீடுகளில் பின்னாளிலும் சண்டை தொடர்ந்ததாகத் தெரியவந்தது. முதல் சந்திப்பே பாதி வழக்கைத் தீர்த்துவிடுகிறது. அந்தச் சந்திப்பைத்தான் நாம் ஒருவித யோசனையுமின்றிக் கூடத்தின் நடுவே நடத்திவைக்கிறோம்.

இதே வாதத்தின் இன்னொரு முகம், "இப்போது சண்டையே இல்லை, அமைதியாகிவிட்டன" என்பது. எந்த அமைதி என்று கேட்க வேண்டும். பூனை மருத்துவத்துக்கென்றே இயங்கும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் ஒரே வீட்டுப் பூனைகளுக்கிடையிலான பிணக்கைப் பற்றி 2024இல் தனி வழிகாட்டியே வெளியிட்டிருக்கிறது. அதன் சாரம், பிணக்கின் பெரும்பகுதி சத்தமில்லாதது என்பதே. ஒன்று வரும்போது மற்றொன்று எழுந்து போவது, வழியில் படுத்து மறிப்பது, கண்கொட்டாமல் முறைப்பது, சாப்பாட்டை அவசரமாக விழுங்கிவிட்டு ஓடுவது எல்லாம் அதில் சேரும். மூத்த பூனை முன்புபோல் விளையாடுவதில்லை, மடிக்கு வருவதில்லை, பகலெல்லாம் பரணிலேயே கிடக்கிறது என்றால் அது பழகிவிட்டது என்று பொருளில்லை. தோற்று ஒதுங்கிவிட்டது என்று பொருள். வாய்பேசாத ஓர் உயிரின் தோல்வியைச் சமாதானம் என்று பதிவு செய்துகொள்வது நமக்கு வசதியாக இருக்கிறது.

மூன்றாம் வாதம் சற்றுக் கனமானது: "மனிதருக்கே ஒண்ட இடமில்லாத நாட்டில் பூனைக்குத் தனியறையா?" கேட்பவரின் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் செலவைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஓர் அறை, அல்லது அறை இல்லாவிட்டால் குளியலறையோ கம்பி போட்ட பால்கனியோ. ஒரு பழைய துண்டு. காய்கறிக்கடையில் சும்மா கிடைக்கும் இரண்டு அட்டைப்பெட்டி. கூடுதலாக ஒரு மணல் தட்டு. அட்டைப்பெட்டி என்றதும் சிரிக்க வேண்டாம். நெதர்லாந்தில் காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் 10க்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தும் மற்றவற்றுக்குக் கொடுக்காமலும் ஆய்ந்தார்கள். பெட்டி கிடைத்தவை வெகு விரைவில் அச்சம் தெளிந்தன என்று 2014இல் அந்த ஆய்வு வெளிவந்தது. பணம் இங்கே தடையே இல்லை. கேட்கப்படுவது பொறுமை. அது ஏழை வீட்டிலும் உண்டு, பணக்கார வீட்டிலும் இல்லாமல் போவதுண்டு.

நான்காம் வாதம்: "இன்றிரவு குட்டியை எடுக்காவிட்டால் செத்துப்போகும்." எடுங்கள். யார் வேண்டாம் என்றது? எடுப்பதும், எடுத்த அன்றே மூத்த பூனையின் முன் கொண்டுபோய் வைப்பதும் இரண்டு வேறு செயல்கள். முதலாவது கருணை. இரண்டாவது அவசரம். தெருவிலிருந்து வரும் குட்டியைச் சில நாள்கள் தனியே வைப்பதற்கு மனநலம் மட்டும் காரணமில்லை. பான்லூக்கோபீனியா என்னும் கொடிய தொற்று வயிற்றுப்போக்கும் வாந்தியுமாக வந்து பூனைகளைக் கொல்வது. அதன் வைரஸ் வீட்டுக்குள் பல மாதங்கள் அழியாமல் இருக்கும். பார்வைக்குத் துறுதுறுப்பாக இருக்கும் குட்டியிடமும் அது ஒளிந்திருக்கலாம். சளிக் காய்ச்சல் வைரஸ்கள், உண்ணி, தெள்ளுப்பூச்சி, குடற்புழு என்று பட்டியல் நீளும். கடியால் பரவும் எதிர்ப்பாற்றல் குறைபாட்டு வைரஸ் ஒன்றும் பூனைகளுக்கு உண்டு. 1986ஆம் ஆண்டிலிருந்து அது அறியப்பட்டிருக்கிறது. ஆகவே மருத்துவரிடம் காட்டி, புழுநீக்கி, தடுப்பூசி தொடங்கும்வரை இரண்டு வாரமாவது பிரித்து வைப்பது இரண்டு பூனைக்குமே பாதுகாப்பு.

இடித்துரைப்பதோடு நிறுத்திக்கொள்வது அறமாகாது என்பதால், செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். புதிதாக நான் கண்டுபிடித்தது எதுவுமில்லை. பூனை மருத்துவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவதை நம் வீட்டுக்கு ஏற்றபடி அடுக்கியிருக்கிறேன்.

முதலில் வாடை, பிறகு ஓசை, அதன் பிறகு பார்வை, கடைசியில் ஸ்பரிசம். இந்த வரிசை மாறக் கூடாது. குட்டிக்கு ஓர் அறை. அதற்குத் தனியே உணவு, நீர், மணல் தட்டு, ஒளிய ஒரு பெட்டி. மூத்த பூனை தன் வழக்கமான இடத்தில், வழக்கமான நேரத்தில், வழக்கமான மடியில். அதன் நாளில் எதுவும் குறையக் கூடாது. கூடினால் நல்லது. இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு துணியால் குட்டியின் கன்னத்தைத் துடைத்து, அந்தத் துணியை மூத்ததன் நடமாட்ட வழியில் போட வேண்டும். மூக்கருகே கொண்டுபோய்த் திணிக்கக் கூடாது. அது தானே வந்து முகரட்டும், சீறட்டும், போகட்டும். அதேபோல் மூத்ததன் வாடை குட்டிக்கும். துணியை முகர்ந்துவிட்டுச் சும்மா போகும் நாள் வந்தால் முதற்படி கடந்தாயிற்று.

அடுத்து, மூடிய கதவின் இருபுறமும் உணவு. தொடக்கத்தில் தட்டுகள் கதவிலிருந்து தள்ளியிருக்கட்டும். நாளுக்குச் சிறிதாக நெருங்கட்டும். மசாலா இல்லாமல் அவித்து முள் நீக்கிய மத்தி மீனைப் போல, பூனைக்கு உயிரான ஏதாவது ஒன்றை இந்த நேரத்துக்கென்றே ஒதுக்கி வையுங்கள். 'அந்த வாடை வந்தால் நல்லது நடக்கும்' என்னும் பாடம் வயிற்றின் வழியாக ஏறும். பிறகு பார்வை. இதற்கு நம் வீடுகளில் ஓர் அருமையான கருவி ஏற்கெனவே உண்டு, கொசுவலைக் கதவு. கம்பிவலை போட்டதென்றால் மிக நல்லது. வலைக்கு இருபுறமும் ஐந்து நிமிடம் சாப்பிட்டுவிட்டுப் பிரிந்துவிட வேண்டும். முறைக்கத் தொடங்குவதற்கு முன்பே முடித்துவிடுவதுதான் இதன் சூட்சுமம்.

நேரில் சேர்க்கும் நாளில் குட்டியை முதலில் ஓடவிட்டு விளையாடிக் களைக்கச் செய்யுங்கள். மூன்று மாதக் குட்டிக்கு உலகமே விளையாட்டு. பத்து வயதுப் பூனைக்கு மூட்டுவலிகூட இருக்கலாம். பல சண்டைகளுக்கு மூலம் பகை இல்லை, இந்த வயது வித்தியாசம்தான். மூத்ததற்குக் குட்டி ஏற முடியாத உயரத்தில் ஓர் இடம் இருக்கட்டும். நம் வீட்டுப் பரண் இதற்காகவே கட்டியதுபோல் அமைந்தது. முதிய பூனை என்றால் ஏறுவதற்கு ஒரு முக்காலியும் போட்டு வையுங்கள். மணல் தட்டு பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக, வெவ்வேறு இடங்களில். தண்ணீரும் சோறும் அப்படியே. சண்டை மூண்டால் நடுவே கையை விடாதீர்கள், ஓர் அட்டையை இடையில் செருகிப் பிரியுங்கள். ஒரு படி பிழைத்தால் முந்திய படிக்குப் போங்கள். உரிய வயதில் கருத்தடை செய்யத் தவறாதீர்கள். ஐந்தாறு மாதத்தில் குட்டி பருவமெய்திவிடும். அப்போது எழும் பிணக்கு வேறு வகை. இவற்றுக்கெல்லாம் சில வீடுகளில் இரண்டு வாரம் போதும், சில வீடுகளில் ஆறு மாதம் ஆகும். இரண்டும் இயல்பே.

இந்த இடத்தில் ஒரு நம்பிக்கையையும் மறுத்துவைக்க விரும்புகிறேன். "தனியாக இருக்கிறதே, பாவம், துணைக்கு ஒரு குட்டி கொண்டுவருவோம்" என்கிறார்கள். கூடவே வளர்ந்த துணையை இழந்து வாடும் பூனைக்கும் உடனே இதையே மருந்தாக எழுதிக்கொடுக்கிறார்கள். துணை என்ற சொல் நம் மரபில் மிக உயர்ந்தது. அதனாலேயே அதைக் கண்டபடி யார் தலையிலும் சுமத்தக் கூடாது. பத்து ஆண்டு தனியே, நிறைவாக வாழ்ந்த பூனைக்குத் தேவைப்படுவது நம்முடைய அரைமணி நேரமாக இருக்கலாம். அதைக் கொடுக்க நேரமில்லாதவர்கள் ஒரு குட்டியைக் கொண்டுவந்து தங்கள் இடத்தில் நிறுத்துகிறார்கள். குட்டிக்குத் தோழமை வேண்டுமென்றால் அதன் வயதொத்த உடன்பிறப்போடு சேர்த்து வளர்ப்பதே மேல். அவை ஒன்றையொன்று கடித்து உருட்டிக்கொள்ளும், மூத்தது நிம்மதியாக உறங்கும்.

எல்லாம் சரியாகச் செய்தும் சில பூனைகள் பழகுவதே இல்லை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சில பூனைகள் காலம் முழுவதும் ஒரே வீட்டில் வேறு வேறு அறைகளில், ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காமல் வாழ்ந்துவிடும். அதுவும் ஒரு நாகரிகமான ஏற்பாடே. கூட்டுக்குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியாதது இல்லை. அதற்கும் வழியில்லாவிட்டால், குட்டி குட்டியாக இருக்கும்போதே அதற்கு நம்பகமான வேறொரு வீட்டைத் தேடிக் கொடுத்துவிடுவதில் வெட்கம் ஏதுமில்லை. குட்டியை விரும்பி ஏற்க ஆள் கிடைக்கும். பத்து வயதுப் பூனைக்கு யார் கதவைத் திறப்பார்கள்? ஆகவே ஒன்று போயே தீர வேண்டும் என்ற நிலை வந்தால், போக வேண்டியது எது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. கேட்கக் கடுமையாகத் தோன்றலாம். முன்பே கொடுத்த வாக்கு முன்பே கொடுத்ததுதான்.

நம்முடைய இரக்கம் பெரும்பாலும் கண்ணுக்கு அழகானதைப் பார்த்தே சுரக்கிறது. பெரிய கண்ணும் சிறிய முகமும் கீச்சுக்குரலுமாக ஒரு குட்டி நம்மை உருக்கிவிடும். அதில் நம் பெருமை அதிகமில்லை, பாதி குட்டியின் சாமர்த்தியம். நம்முடைய பெருமை வெளிப்படும் இடம் வேறு. உதிர்ந்த மயிரும் மங்கிய கண்ணுமாய், இனி யாரையும் உருக்க முடியாத ஒரு பழைய பூனை நம்மைப் பார்த்துச் சீறும்போது, அது சொல்வதைக் கேட்டுக் குட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்துகிறோமா என்பதில் அது தெரியும். ஒரு கதவும் ஒரு மாதப் பொறுமையும் தர இயலாதவர்கள், குட்டியைத் தர இயலும் ஒருவரிடம் சேர்ப்பித்துவிட்டு நகரட்டும். அதுவும் அறமே. கூடத்தின் நடுவே இறக்கிவிட்டு 'தானாகப் பழகிக்கொள்ளும்' என்று நாளிதழைப் பிரித்துக்கொண்டு உட்காருவதை மட்டும் இனி யாரும் அன்பு என்று அழைக்க வேண்டாம்.